காற்று எந்தப் பக்கம்

மேட்டூர் திறந்த செய்தி வந்ததும்
ஊர் விதைநெல் தேடும்.
நான் பையைத் தேடுவேன்.
ஏழு தண்ணீரில் அலசிய நூல் புடவை இரண்டு,
சோப்பு படாதது, பூச்சி உருண்டை அறியாதது.
மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் தண்ணீர்.
அவல், வெல்லம்.
கரி வைத்த முகமூடி நான்கு.
டாக்டர் சீட்டின் நகல்,
மை வாடை போகப் பதினைந்து நாள்
மாடி வெயிலில் கிடந்தது.

சிரிக்கலாம். நானும் சிரித்தவள்தான்.
கூட்டுறவுச் சங்கத்து உரக்கடையில்
பதினோரு வருடம் பில் போட்டேன்.
முதுகுக்குப் பின்னால் அலமாரி,
அதில் மண்டையோடு ஒட்டிய புட்டிகள்.
ஒரு குறுவையில் பெட்டி ஒன்று உடைந்தது.
சாக்கால் துடைத்துவிட்டு
அதே கையோடு அடுத்த பில்லை எழுதினேன்.

அதற்குப் பிறகு உடம்பு ஒரு மோப்ப நாய்.
ஊதுபத்தி, எதிர்வீட்டுப் புதுப் பெயிண்ட்,
திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் ஏறுகிறவர் போட்ட சென்ட்
எல்லாவற்றுக்கும் குரைக்கும்.
நாக்கு தடிக்கும். கண் இருட்டும்.
என் பெயர் என்னைவிட்டு
நாலடி தள்ளிப் போய் நிற்கும்.
"எல்லாம் மனசுதாம்மா" என்றார்
தஞ்சாவூரில் ஒரு டாக்டர்.
மனசை எந்த அலமாரியில் வைத்திருந்தேன் என்று
அவர் கேட்கவில்லை.

புயல் என்னை எதுவும் செய்ததில்லை.
புயலுக்கு நெடி கிடையாது.
காப்பாற்ற வருகிற கைகளுக்குத்தான் உண்டு:
முகாம் தரையில் ஃபினாயில்,
வாசலில் பிளீச்சிங் பவுடர்,
ஜெனரேட்டர் புகை, கொசுவர்த்தி,
இலவசமாய்க் கொடுத்த புதுப் பாய்.
போன புயலில்
முகாமைவிட்டு மழைக்குள் ஓடியவள்
தாலுகாவிலேயே நான் ஒருத்தி.

அதனால் புரட்டாசியிலேயே போனேன்,
விஏஓ தையல்நாயகியிடம், மனுவோடு.
பள்ளிக்கூடத்து வடக்குக் கோடி அறை, ஆறாம் வகுப்பு 'ஆ'.
வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.
மனுவைப் படித்தார். என்னைப் படித்தார்.
தலையிலிருந்த மல்லிகையை எடுத்து
ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு
"உட்காருங்க" என்றார்.

தூய்மைப் பணி அருள்தாஸ்தான் தயங்கினான்.
"ஃபினாயில் வாசன இல்லேன்னா
வேலையே பாக்கலன்னு எழுதிடுவாங்கக்கா."
அதற்கும் ஒரு தாள் கொடுத்தேன்.
வாசனை இல்லாததற்கு நானே பொறுப்பு.
இப்படிக்கு, ப. செண்பகவல்லி.

கார்த்திகையில் வந்தது.
முதலில் வாடை; தென்னைகள் தெற்கே குனிந்தன.
நடுச்சாமத்தில் அரைமணி நேரம்
யாரோ வாயைப் பொத்தியது போல இருந்தது.
பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடித்தது.
அறையில் நான், தூக்கு, கரும்பலகை.

அப்போதுதான் கதவு தட்டியது.
பிள்ளை பெற்று ஒன்பது நாளான சகாயராணி.
"அங்க ஒரே புகைக்கா. பிள்ளைக்கு மூச்சு முட்டுது."
பிள்ளை முழுக்கப் பவுடர்.
அவள் தலையில் வாசனை எண்ணெய்.
என் நாய் எழுந்து நின்றது.
ஒரு பலகைக் கதவு,
அதற்கு அந்தப் பக்கமும் திணறல், இந்தப் பக்கமும்.

யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன்,
கொஞ்ச நேரமே யோசித்தேன்.
புடவை ஒன்றை இடுக்கில் நீட்டினேன்,
குடிக்க வைத்த தண்ணீரில் பாதியையும்.
"பிள்ளையத் தொடச்சு இதுல சுத்தி எடுத்துட்டு வா.
தலையில துணியப் போட்டுக்கோ."
அவள் தென்மூலை, நான் வடமூலை.
வடக்கு ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்தேன்.
விடிவதற்குள் முகமூடி மூன்று தீர்ந்தது.
பிள்ளை ஒருதரம் தும்மியது.
நானும் தும்மினேன்.

காலையில் ஊர், விழுந்த மரங்களை எண்ணியது.
நான் நாளை எண்ணினேன்.
தண்ணீர் தேங்கினால் கொசு வரும்,
கொசு வந்தால் புகைவண்டி வரும்,
வெள்ளையாய், தெருவை அடைத்துக்கொண்டு.
பையை அவிழ்க்கவில்லை.

நாலாம் நாள் ராத்திரி போன் அடித்தது. அருள்தாஸ்.
"அக்கா, காலைல ஆறு மணிக்கு ஒங்க தெரு.
காத்து எந்தப் பக்கம்னு பாத்துச் சொல்லுங்க,
அதுக்குத் தக்கன ஆரம்பிக்கிறோம்."

கொல்லைக் கதவைத் திறந்து
விரலை நாக்கில் நனைத்து
இருட்டுக்குள் நீட்டினேன்.